தாழிக்குள் தங்கப் பட்டம்: அலெக்சாண்டர் ரீ

நம்ம ஊர்ல யாராவது இறந்துபோனா நெத்தியில ஒரு ரூபாய் காசு வைப்பாங்க, பார்த்திருப்பீங்க. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பழங்கால மக்கள் இறந்தவரைத் துணிமூட்டையாகச் சுற்றி, அதன்மேல் மரத்தில் செதுக்கி சிவப்பு பூசிய முகத்தை வைத்துக் கட்டினார்கள். நம் தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? அதைத் தோண்டிப் பார்த்தவர்தான் அலெக்சாண்டர் ரீ.

இவர் ஒரு பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர். 1880-களில் மதராஸ் மாகாணத்தில் வேலைக்கு வந்தார். பல்லாவரம் குன்றில், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். 1892-ல் ஆந்திராவில் பட்டிப்ரோலு பௌத்தத் தூபியைத் தோண்டி, கல்பேழைகளை வெளியே எடுத்தார்.

அவர் பேர் நிலைச்சது ஆதிச்சநல்லூரில்தான். தாமிரபரணிக் கரையில் உள்ள அந்த மேட்டில் 1876-லேயே ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். கிடைத்த பொருட்களை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். ரீ 1899 முதல் 1905 வரை அங்கே ஆய்வு செய்தார். பெரிய பெரிய முதுமக்கள் தாழிகள்! உள்ளே எலும்புகள், இரும்பு வாள், ஈட்டி, வெண்கலப் பாத்திரங்கள், நெல் உமிகூட இருந்தது. சில தாழிகளில் மெல்லிய தங்கப் பட்டங்கள் கிடைத்தன. இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை. இறந்தவர் நெற்றியில் நூலால் கட்டியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். நம்ம நெத்திக்காசு ஞாபகம் வருது இல்லையா?

ரீ எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அந்தப் பட்டியல் 1915-ல் புத்தகமாக வந்தது. அவர் எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதனால்தான் அவற்றைப் பார்க்க நாம் பெர்லின் போக வேண்டாம். கவரப்பேட்டையில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் போதும்!

2004-05-ல் மறுபடியும் அங்கே தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த பொருள் ஒன்றின் காலம் கி.மு. 905 என்று 2019-ல் தெரியவந்தது.

நண்பர்களே, நம் திருவள்ளூர் மாவட்டமும் பழமையான மண்தான். அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதனின் கற்கருவிகள் கிடைத்துள்ளன. நம்ம பக்கம் தினமும் கம்பெனி கட்ட, ரோடு போட பள்ளம் தோண்டுறாங்க. அதில் பழைய பானை ஓடு, தாழி மாதிரி ஏதாவது தெரிந்தால் கல்லால் அடித்து உடைக்காதீங்க, வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க. இருந்த இடத்தை நல்லா பார்த்து வைத்துக்கொண்டு உடனே ஆசிரியரிடம் சொல்லுங்க. ஒருமுறை உடைஞ்சா, அது சொல்ல வந்த கதையும் அதோடு போயிடும்.