பட்டம் விட்ட டாக்டர்

ஆனி, ஆடி வந்தா நம்ம கம்பம் பள்ளத்தாக்குல காத்து எப்படி இருக்கும்னு நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிராயிங் ஷீட் பறக்கும்; எனக்கோ தும்மல் பறக்கும். ஒரு காலைக்கே நாற்பது, ஐம்பது. அந்தத் தும்மலால்தான் சார்லஸ் பிளாக்லி எனக்கு அறிமுகமானார்.

1820-ல் இங்கிலாந்தில் போல்ட்டன் ஊரில் பிறந்தவர். நம்மை மாதிரியே கைத்தொழில் கற்றவர்தான். மான்செஸ்டர் அச்சகம் ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வயசு வாக்கில் வேலையை விட்டுட்டு மருத்துவம் படிக்கப் போனார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!)

கோடை வந்தால் அவருக்கு மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். ஹே ஃபீவர் என்று பேர். ஆனா காய்ச்சல் அடிக்காது. வெயில், தூசி, வைக்கோல் வாசனை என்று ஆளுக்கொரு காரணம் சொன்ன காலம் அது. பிளாக்லி ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். கடைசியில் புல் பூவின் மகரந்தத்தில் வந்து நின்றார். இரண்டு கையிலும் தோலை லேசாகச் சுரண்டி, ஒன்றில் ஈர மகரந்தம், மற்றதில் வெறும் தண்ணீர் வைத்தார். மகரந்தக் கை அரித்து வீங்கியது. தண்ணீர்க் கைக்கு ஒண்ணும் ஆகலை. ஒப்பிட்டுப் பார்க்க அந்த இன்னொரு கையையும் வைத்தாரே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரீடிங்கை முதல்லயே எழுதிட்டு கிராஃப் போடுற நமக்கு இது உறைக்கணும்.

வயலே இல்லாத நகரத்துக்காரனுக்கு ஏன் வருது? பட்டத்தில் பசை தடவிய கண்ணாடித் துண்டைக் கட்டி ஆயிரம் அடிக்கு மேல ஏற்றினார். இறக்கி மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால், மேலேயும் மகரந்தம்! காத்து அதை எங்கிருந்தோ சுமந்து வருகிறது. 1873-ல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். டார்வினே அதைப் படித்துக் கடிதம் எழுதினார். ஆனா பிளாக்லி ஹோமியோபதிக்காரர் என்பதால் பல டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. 1900-ல் காலமானார்.

அவர் தோலில் பார்த்ததற்கு ரத்தத்தில் காரணம் கிடைக்க மேலும் அறுபத்தாறு, அறுபத்தேழு வருஷம் ஆச்சு. 1966-67-ல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் ஐ.ஜி.இ. என்ற புரதத்தைக் கண்டார்கள். சோதனையும் உடனே வந்தது. திடப்பொருள் ஒன்றில் மகரந்தப் புரதத்தை ஒட்டி, நம்ம சீரத்தை விட்டால், அதற்குரிய ஐ.ஜி.இ. அதைப் பிடித்துக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு, ஒட்டிய ஐ.ஜி.இ.யை அளப்பார்கள்.

நானும் ரத்தம் கொடுத்தேன். சீட்டில் திமோத்தி புல், பிர்ச் மரம் என்று வரிசை. எதிரே எல்லாம் நெகட்டிவ். பிர்ச் மரத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நம்ம ரோட்டோரப் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கேட்காத கேள்விக்கு ரத்தம் எப்படிப் பதில் சொல்லும்? பிளாக்லி தன் ஊர்ப் புல்லைத்தான் தன் கையில் வைத்தார்.

இந்த ஆடியில் விடுதி மொட்டைமாடியில் வாசலின் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். மைக்ரோஸ்கோப் தருவதாக ஒரு சார் சொல்லியிருக்கிறார். யாரும் துடைச்சிடாதீங்கப்பா.