செஞ்சேனையின் சங்கீத கர்த்தா

பட்டாளத்துக்குப் பாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. துப்பாக்கியும் ரொட்டியும் உரிய காலத்தில் வந்து சேர்ந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். ஊர்வலங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் பழகிய நமது நேயர்களுக்கு அவ்வாதத்தின் பலவீனத்தை எடுத்துக் காட்ட வேண்டிய அவசியமில்லை. நூறு பிரசங்கங்களால் ஆகாத காரியம் ஒரு நல்ல பாட்டினால் ஆகிவிடுவதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அவ்விதப் பாட்டை ஆக்குகிறவனுடைய கதி என்ன, அப்பாட்டின் பலனை அனுபவிக்கும் அதிகாரிகள் அவனிடமிருந்து வேறு எவற்றையெல்லாம் வாங்கிக் கொள்கிறார்கள் என்பதை நாம் அதிகமாக யோசிப்பதில்லை. ருஷ்ய சங்கீத கர்த்தாவான அலெக்ஸாந்தர் வாஸிலியேவிச் அலெக்ஸாந்தரோவின் சரித்திரம் அதை யோசிக்கும்படி செய்கிறது. கலைஞன் சர்க்காருக்கு ஊழியம் செய்யலாமா என்ற வழக்கில் அவருடைய ஜீவியம் ஒரு சிறந்த சாட்சி. இரு கட்சிக்காரரும் தங்கள் தங்கள் பக்கத்துக்கு அழைத்துக் கொள்ளத் தக்க சாட்சி என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

1883-ம் வருஷம் ஏப்ரல் மாதம், ரியாஸான் மாகாணத்தைச் சேர்ந்த பிளாகினோ என்ற கிராமத்தில், ஒரு குடியானவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அதே வருஷத்தில்தான், நெப்போலியனைத் துரத்தியடித்த வெற்றிக்கு ஞாபகார்த்தமாக மாஸ்கோவில் நெடுங்காலமாகக் கட்டப்பட்டு வந்த இரட்சகர் கிறிஸ்து தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. இவ்விரண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைப் பின்னர் காண்போம். சிறுவனுடைய சாரீரம் கேட்டவர்களைக் கவர்ந்தது. எட்டு அல்லது ஒன்பது வயதில் அவன் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்குள்ள கசான் தேவாலயத்தின் பாடகர் கோஷ்டியில் சேர்க்கப்பட்டான். பின்னர் ஜார் சக்கரவர்த்தியின் அரண்மனைச் சங்கீத சாலையில் பயின்று, 1900-ல் கோஷ்டித் தலைவனாவதற்குரிய பரீட்சையில் தேறினான். தலைநகரத்துச் சங்கீத கலாசாலையில் சேர்ந்தும் வறுமையினாலும் நோயினாலும் அங்கே நிலைத்திருக்க முடியவில்லை. பொலகோயே, த்வேர் முதலிய சிறு நகரங்களில் கோஷ்டி நடத்தியும் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்தும் ஜீவனம் செய்து, 1909-ல் மாஸ்கோ சங்கீத கலாசாலையில் மறுபடியும் மாணாக்கராகி, 1916-ல்தான் படிப்பை முடித்தார். அப்போது வயது முப்பத்து மூன்று. வாஸிலென்கோவிடம் இசை அமைப்பையும், மஸெட்டி என்ற இத்தாலியரிடம் குரற்பயிற்சியையும் அவர் கற்றார்.

தேவாலயத்துக் கல்வி அவருக்கு எதைக் கொடுத்தது என்பதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் மதத்தாரின் ஆலயங்களில் வாத்தியங்களுக்கு இடமில்லை. ஆர்கன் பெட்டிகூடக் கிடையாது. மனிதக் குரல் ஒன்றே அங்கே வாத்தியம். நம் நாட்டுப் பஜனையில் அனைவரும் ஒரே சுர வரிசையைச் சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே உச்சக் குரலினர் ஒரு வரிசையும், அதற்குக் கீழே டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரலினர் மற்றொரு வரிசையும், அவர்களுக்கும் கீழே பாஸ் என்னும் கனத்த குரலினர் வேறொரு வரிசையுமாக ஒரே சமயத்தில் பாட, இவை யாவும் பொருந்தி ஒரே நாதமாக எழும். அந்தக் கனத்த குரல்களில் சில, பூமிக்கு அடியிலிருந்து வருகின்றனவோ என்று கேட்பவரைத் திகைக்க வைப்பவை. வாத்தியத்தின் துணையின்றி இத்தனை குரல்களையும் சுருதி பிசகாமல் ஆளும் வித்தை, பத்து வயதுக்குள் காதில் ஏறினாலன்றி எளிதில் கைவருவதில்லை.

1917-ம் வருஷத்துப் புரட்சிக்குப் பின், 1918-ல் அவர் மாஸ்கோ கலாசாலையில் ஆசிரியரானார், 1922-ல் பேராசிரியரானார். அதே 1918 முதல் 1922 வரையில், மேலே கூறிய இரட்சகர் கிறிஸ்து தேவாலயத்தின் கோஷ்டித் தலைவராகவும் இருந்தார். அவருக்குப் பின் அப்பதவியை வகிக்க ஒருவர் வரவில்லை. 1931-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஸ்டாலின் சர்க்கார் அந்தத் தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தது. அங்கே எழுப்புவதாகச் சொன்ன சோவியத் மாளிகை எழும்பவேயில்லை. பல வருஷங்களுக்குப் பின் அவ்விடத்தில் ஒரு நீச்சல் குளம் வெட்டப்பட்டது.

தேவாலயம் இடிக்கப்படுவதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே அலெக்ஸாந்தரோவ் வேறொரு கோஷ்டிக்குத் தலைவராகிவிட்டார். 1928-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி, மாஸ்கோவிலுள்ள செஞ்சேனை மத்திய மண்டபத்தில் பன்னிரண்டு பேர் மேடை ஏறினார்கள். பாடகர் எண்மர், நடனக்காரர் இருவர், பாயான் என்னும் துருத்திப் பெட்டி வாசிப்பவர் ஒருவர், வசனம் சொல்பவர் ஒருவர். இருபத்திரண்டாவது கிராஸ்னதார் டிவிஷனின் சரித்திரத்தைப் பாட்டாகச் சொன்னார்கள். இதுவே பின்னர் உலகப் பிரசித்தி பெற்ற கோஷ்டியின் ஆரம்பம். கலாசாலைப் பேராசிரியர் ஒருவர் எட்டுச் சிப்பாய்ப் பாடகரை வைத்துக் கொண்டு என்ன செய்யப் போகிறார் என்று அன்று யாரேனும் நகைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அடுத்த வருஷமே தூரக் கிழக்குப் பிரதேசத்திலிருந்த பட்டாளங்களுக்குச் சென்று பாடினார்கள். கோஷ்டி வருஷத்துக்கு வருஷம் பெருகி நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டதாயிற்று.

அலெக்ஸாந்தரோவ் செய்த காரியம் இதுதான்: தேவாலயத்துக் குரற்கட்டுமானத்தை அப்படியே எடுத்து, அதன்மீது சிப்பாய்ப் பாட்டையும் நாடோடிப் பாட்டையும் ஏற்றினார். பெண் குரலும் சிறுவர் குரலும் இல்லாத இந்தக் கோஷ்டியில் உச்ச ஸ்தாயியைத் தாங்குவது டெனர் பாடகரின் பொறுப்பு. தனிப் பாடகர் ஒரு அடி முன்னே வந்து வரியை எடுப்பார். நூறு குரல்கள் அவர் பின்னே மூச்சுக் காட்டாமல் ஒலித்துக் கொண்டிருந்து, சட்டென்று கடல்போலப் பொங்கி எழும். கியோர்கி வினோகிராதோவ், விக்டர் நிகிதின் முதலிய டெனர் பாடகர்கள் இக்கோஷ்டியில் நின்று பெற்ற கீர்த்திக்கு அவர்கள் சாரீரம் பாதிக் காரணம் என்றால், பின்னே நின்ற அந்த அடக்கம் மற்றப் பாதி. 1937-ல் பாரிஸ் நகரத்து உலகப் பொருட்காட்சிக்கு வந்து பாடி, மிக உயர்ந்த பரிசாகிய கிராண்ட் பிரீயைக் கொண்டு சென்றார்கள்.

அந்த 1937-ம் வருஷத்தைப் பற்றிப் பேசாமல் மேலே செல்வது நேர்மையாகாது. வாழ்க்கை முன்னிலும் மேலாகிவிட்டது, குதூகலமாகிவிட்டது என்று ஸ்டாலின் 1935-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அடுத்த வருஷமே அக்கருத்தை வைத்து லெபெதேவ்-குமாச் பாட்டு எழுத, அலெக்ஸாந்தரோவ் அதற்கு மெட்டமைத்தார். அதற்கு மறு வருஷம், லட்சக்கணக்கான ருஷ்யர்கள் இரவோடிரவாகக் கைது செய்யப்பட்டுச் சுடப்பட்டும் சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டும் மாண்டார்கள். செஞ்சேனையின் தளபதிகளே தப்பவில்லை. அக்காலத்தில் மறுப்புச் சொன்னவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆகையால் மெட்டமைத்தவரைக் கூண்டில் ஏற்றித் தண்டிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும், அந்தக் குதூகலப் பாட்டு நிரபராதியான பாட்டு என்றும் நம்மால் சொல்ல முடியாது. தலைவரின் வாக்கியத்தைக் கொடுத்து மெட்டுப் போடச் சொல்லும் ராஜ்யத்தில், மெட்டுப் போடுகிறவன் திறமைசாலியாயிருக்கும் அளவுக்கு நஷ்டமும் பெரிதாகிறது.

இனி மறுபக்கம். 1941-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி ஹிட்லருடைய சேனைகள் ருஷ்யாவுக்குள் புகுந்தன. இரண்டு நாட்களுக்குள், அதே லெபெதேவ்-குமாச் எழுதிய புனித யுத்தம் என்ற பாட்டு பத்திரிகைகளில் வெளிவந்தது. அலெக்ஸாந்தரோவ் அதைப் படித்த உடனே மெட்டமைத்தார். அச்சடித்துக் கொடுக்க நேரமில்லை. கரும்பலகையில் சீமைச் சுண்ணாம்பினால் அவர் எழுத, பாடகர்கள் தத்தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் கொண்டார்கள். சில தினங்களுக்குள் மாஸ்கோவின் பெலோருஷ்ய ரயில் ஸ்டேஷனில், போர்முனைக்குப் புறப்பட்டு நின்ற சிப்பாய்களுக்கு முன்னால் அப்பாட்டு பாடப்பட்டது. மூட்டை முடிச்சுகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள் என்றும், மறுபடி மறுபடி பாடச் சொன்னார்கள் என்றும் அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சங்கீதம் அறிந்த நேயர்களுக்கு இதில் ஒரு விசேஷத்தைக் குறிப்பிடுவோம். படை நடைக்குரிய மெட்டுகள் இரண்டு அல்லது நான்கு எண்ணிக்கையில் அமைவதே வழக்கம். மனிதனுக்குக் கால் இரண்டுதானே! புனித யுத்தமோ மூன்று எண்ணிக்கையில் அமைந்தது. நம்மவர் திஸ்ரம் என்று சொல்லுவதற்கு ஒப்பானது. அதனால் தாளத்தின் அழுத்தம் ஒரு முறை இடக்காலிலும் மறுமுறை வலக்காலிலும் விழுகிறது. பவனி வரும் சேனையின் மிடுக்கு அதில் இல்லை. கோயில் மணியின் கனம் இருக்கிறது. வெற்றி எளிது என்றும் அப்பாட்டு சொல்லவில்லை. இது பற்றியே அதிகாரிகள் சிலர் முதலில் அதை விரும்பவில்லை. நாலு மாதங்கள் சென்றன. ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கிய அக்டோபர் மாதத்திலே, குதூகலப் பாட்டுகளெல்லாம் வாயடைத்துப் போன பின்னர், நாள்தோறும் காலையில் ரேடியோவில் அதுவே ஒலித்தது. கோஷ்டி பல பிரிவுகளாகப் பிரிந்து போர்முனைகளுக்குச் சென்று, யுத்தம் முடிவதற்குள் 1,500-க்கு மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. இந்த ஒரு பாட்டுக்காக 1936-ம் வருஷத்துப் பாட்டை மன்னித்துவிடலாம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்கில் வரவு வைத்து மற்றொரு கணக்கில் பற்றெழுதும் அந்த முறை நமக்குச் சம்மதமில்லை. இரண்டும் அவர் செய்தவையே.

1943-ல் சர்வதேச கீதத்தை விலக்கி, ருஷ்யாவுக்கென்று புதிய தேசிய கீதம் வேண்டுமென்று ஸ்டாலின் தீர்மானித்தார். ஷோஸ்தகோவிச், கச்சதூரியான் போன்ற பெரியவர்களும் போட்டியிட்டார்கள். அலெக்ஸாந்தரோவ் முன்னர் போல்ஷ்விக் கட்சியின் கீதத்துக்கு அமைத்திருந்த மெட்டே தேர்ந்தெடுக்கப்பட்டது. மிஹல்கோவும் எல்-ரெகிஸ்தானும் வார்த்தைகளை எழுதினார்கள். 1944-ம் வருஷம் பிறந்த இரவில் அது முதன்முதல் ரேடியோவில் ஒலித்தது. பிளாகினோ கிராமத்துப் பிள்ளை அதற்குள் மேஜர் ஜெனரலாகியிருந்தார்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பின், கோஷ்டியுடன் யாத்திரை செய்து கொண்டிருக்கையில், 1946-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி பெர்லின் நகரத்தில் அவர் காலமானார். அவருடைய குமாரர் போரிஸ் தலைமையை ஏற்று 1987 வரையில் நடத்தினார். 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் கோஷ்டி மறுபடி பெர்லினுக்குச் சென்றது. அப்போது அந்நகரத்தின் மேற்குப் பகுதியை ருஷ்யர் முற்றுகையிட்டிருந்தார்கள். இடிந்த கட்டிடங்களுக்கு நடுவே, திறந்த சதுக்கத்தில், ஜெர்மன் நாடோடிப் பாட்டுகளை ஜெர்மன் பாஷையிலேயே அவர்கள் பாடினார்கள். நிகிதின் காலிங்காப் பாட்டைப் பாட, ஜனங்கள் திரும்பவும் பாடும்படி ஆரவாரித்தார்கள். உணவு போகும் வழியை அடைத்துவிட்டுப் பாட்டை அனுப்பியது எவ்வளவு பெரிய ராஜதந்திரம் என்று நினைத்தால் வாய்விட்டுச் சிரிக்கவும் முடியவில்லை. பாடியவர்கள் நன்றாகப் பாடினார்கள் என்பதை மறுக்கவும் முடியவில்லை.

ஸ்டாலின் மறைந்த பிறகு, அவர் பெயரைத் தாங்கிய கீதத்தின் வார்த்தைகளைப் பாடுவது நின்று, இருபது வருஷங்களுக்கு மேல் மெட்டு மட்டும் ஒலித்தது. 1977-ல் அப்பெயரை நீக்கிப் புதிய வார்த்தைகள் வந்தன. 1991-ல் சோவியத் ராஜ்யமே கலைந்தது. கிளிங்காவின் மெட்டொன்று ருஷ்ய கீதமாயிற்று. அதற்கு வார்த்தைகளே அமையவில்லை. 2000-ம் வருஷம் டிசம்பரில் பழைய மெட்டையே மீட்டார்கள். எல்த்ஸின் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மூன்றாம் முறையும் வார்த்தைகளை எழுதியவர் அதே மிஹல்கோவ். ஸ்டாலினைப் போற்றிய பேனா இம்முறை கடவுளின் காவலைக் குறிப்பிட்டது. அதே 2000-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான், நீச்சல் குளத்தைத் தூர்த்து அந்த இடத்திலேயே மறுபடி கட்டப்பட்ட இரட்சகர் கிறிஸ்து தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பெற்றது.

2016-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, சிரியாவிலிருந்த ருஷ்யப் படையினருக்குப் பாடுவதற்காகச் சென்ற விமானம் சோச்சி நகரத்தருகே கருங்கடலில் விழுந்தது. மாண்டவர் 92 பேர். அவர்களில் 64 பேர், தலைவர் வலேரி ஹலீலோவ் உட்பட, அலெக்ஸாந்தரோவ் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள்.