வெறுங்கால் வீரர் பிகிலா

மகா சிவராத்திரி வந்தால் குமரி மாவட்டத்தில் சிவாலய ஓட்டம். முன்சிறையில் தொடங்கி, திருநட்டாலம் வரை 12 சிவன் கோவில்கள். காவி உடுத்தி, கையில் விசிறியுடன், பக்தர்கள் இரவு பகலாக வெறுங்காலுடன் ஓடுவார்கள். பல நாள் விரதம் இருந்து, மனதை ஒருநிலைப்படுத்திய பிறகே ஓட்டத்தில் இறங்குவார்கள்.

நெடுந்தூர ஓட்டத்துக்குக் காலைவிட மனமே முக்கியம். இதை உலகம் அறிய நிரூபித்தவர் ஒருவர் உண்டு. அவரும் வெறுங்காலுடன் ஓடியவர்தான். அவர் பெயர் அபெபே பிகிலா.

ஆட்டிடையர் மகன்

பிகிலா ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா நாட்டுக்காரர். 1932-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஆடு மேய்ப்பவர். பிகிலா வளர்ந்து, தலைநகரான அடிஸ் அபாபாவில் மன்னரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். அந்த நகரம் நம் ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மேட்டிலும் பள்ளத்திலும் அவர் ஓடி ஓடிப் பழகினார். சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஓன்னி நிஸ்கானென் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

1960-ம் ஆண்டு இத்தாலியின் தலைநகரான ரோமில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 26 மைல் 385 கெஜம். கிட்டத்தட்ட, நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரம்!

பிகிலாவுக்குக் கிடைத்த புது பூட்ஸ் காலுக்குப் பொருந்தவில்லை. அதற்காக அவர் கலங்கவில்லை. வெறுங்காலுடன் ஓடுவது அவருக்குப் பழக்கமானதுதான். எனவே பூட்ஸ் இல்லாமலே ஓடுவது என்று முடிவு செய்தார்.

கல்தூண்

பந்தயத்துக்கு முன்பே குருவும் சீடரும் பாதையைச் சுற்றிப் பார்த்தார்கள். முடிவு எல்லைக்குச் சற்று முன்னால் ஓர் உயரமான கல்தூண் நின்றது. சுமார் 80 அடி உயரம். அது பிகிலாவின் சொந்த நாட்டுத் தூண்! எத்தியோப்பியாவைப் படையெடுத்துப் பிடித்த இத்தாலியர்கள், 1937-ல் அதை ரோமுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தத் தூணைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று இருவரும் திட்டம் போட்டார்கள்.

செப்டம்பர் 10-ந் தேதி மாலையில் ஓட்டம் தொடங்கியது. இருட்டிவிட்டது. வழி நெடுக ராணுவ வீரர்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். மொராக்கோ வீரர் ராடி, பிகிலாவை விடாமல் ஒட்டியே ஓடினார். பிகிலா பதறவில்லை. தூண் வந்தது. மனதில் போட்டு வைத்திருந்த திட்டப்படி பாய்ந்தார். ராடி பின்தங்கினார்.

2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் பிகிலா எல்லையைத் தொட்டார். அது உலக சாதனை. கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றது அதுவே முதல் தடவை.

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக். பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன்பு, பிகிலாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் ஓடினார். இந்தத் தடவை பூட்ஸ் அணிந்திருந்தார். மறுபடியும் தங்கம். மறுபடியும் உலக சாதனை! இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிடம் முந்தியிருந்தார். ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டு முறை வென்ற முதல் மனிதர் அவரே.

கார் விபத்து

1968-ல் மெக்சிகோவில் கால் வலி அவரைப் பாதியில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு, அதைவிடப் பெரிய இடி விழுந்தது. 1969 மார்ச் மாதம் ஓர் இரவில் அவர் ஓட்டிய கார் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரு கால்களும் செயல் இழந்தன. உலகையே ஓடி வென்ற கால்கள், அதன்பின் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் பல மாதம் சிகிச்சை பெற்றார். அங்கே அவர் அழுதுகொண்டு கிடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் வித்தை கற்றார். 1970-ல் அங்கு நடந்த ஊனமுற்றோர் பந்தயத்தில் வில்லுடன் போட்டியிட்டார். 1971-ல் நார்வே நாட்டில், நாய்கள் இழுக்கும் பனிவண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டு முதலாவதாக வந்தார். கால் போயிற்று; மனம் போகவில்லை.

1973-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, மூளையில் ரத்தம் கசிந்து பிகிலா காலமானார். வயது 41. இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். மன்னர் ஹெய்லி செலாசியும் வந்து அஞ்சலி செலுத்தினார்.

ரோமில் நின்ற அந்தக் கல்தூண், 2005-ல் எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2008-ல் பழைய இடமான அக்சும் நகரில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அதைப் பார்க்க பிகிலா உயிருடன் இல்லை. ஆனால் அந்தத் தூணின் நிழலில் தன் நாட்டின் மானத்தை மீட்ட அந்த ஓட்டத்தை, எத்தியோப்பிய மக்கள் மறக்கவில்லை.