குத்தூசி ஏந்திய பாரிஸ்டர்

காந்தியடிகளின் கையில் இராட்டையையே கண்டு பழகிய நமக்கு, அதே கை ஒரு காலத்தில் குத்தூசியையும் தோல் சீவும் கத்தியையும் ஏந்தியிருந்தது என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. காலவரிசைப்படி நோக்கினால் இராட்டைக்கு மூத்தது குத்தூசியே. 1909ஆம் ஆண்டில் 'இந்திய சுயராஜ்ய'த்தை எழுதியபோது இராட்டை ஒன்றைக் கண்ணால் கண்டதாகவே அவருக்கு நினைவில்லை. அதைப் பின்னாளில் தம் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். செருப்புத் தைக்கக் கற்றதோ அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள். தோல்வேலையை ஓய்வுநேரத் தொழிலாகக் கொண்டவன் நான். ஆதலின் அடிகளாரின் வரலாற்றை இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம்.

1869 ஒக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், திவான் பதவி வகித்த ஒருவரின் மகன். மோத் பனியா எனும் வணிக குலத்தவர். அக்குலத்தார்க்குத் துலாக்கோல் உரியது, தோல் ஆகாதது. 1888இல் சட்டம் பயில அவர் கடல் கடந்தபோதே பம்பாயிலிருந்த குலப் பெரியோர் அவரைச் சாதிக்குப் புறம்பாக்கினர். 1891இல் பாரிஸ்டராகித் திரும்பியவர், 1893இல் ஒரு வழக்கின்பொருட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். இவை யாவரும் அறிந்தவை.

பலரும் அறியாதது 1895இல் நிகழ்ந்தது. நேட்டாலில் பைன்டவுனுக்கு அருகே மரியன்ஹில் என்னுமிடத்தில் ட்ராப்பிஸ்ட் துறவியரின் மடம் ஒன்று இருந்தது, 1882இல் நிறுவப்பட்டது, துறவியருட் பெரும்பாலோர் செருமானியர். இளம் பாரிஸ்டர் அங்கே சென்றார். புலால் உண்ணாது, மௌனம் காத்து, கையால் உழைத்து வாழ்ந்த அத்துறவியரைக் கண்டு வியந்து இலண்டன் சைவ உணவாளர் இதழுக்கு ஒரு கட்டுரையும் எழுதினார். கொல்லர் பட்டறை, தச்சுப் பட்டறை ஆகியவற்றோடு தோல் பதனிடும் இடமும் செருப்புத் தைக்கும் இடமும் அந்த மடத்தில் இருந்தன. தோல்வேலை இழிந்ததன்று, அது வழிபாட்டுக்கு ஒப்பான உழைப்பு எனக் கருதிய மனிதரை அவர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான் என்று எண்ண இடமுண்டு.

விதை முளைக்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. திரான்சுவாலில் சத்தியாக்கிரகிகள் சிறை புகுந்தபின் அவர்தம் குடும்பங்களைத் தாங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஹெர்மன் கலன்பாக் எனும் செருமானிய யூதக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1910ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அதைச் சத்தியாக்கிரகிகளுக்கு வாடகையின்றி வழங்கினார். டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயர் சூட்டப்பட்டது. அங்கே தமிழரும் ஆந்திரரும் குசராத்தியரும் வடநாட்டாரும் ஒரே சமையலில் உண்டனர். போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தாம் கற்ற அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கே தமிழாசிரியராகவும் அடிகளார் விளங்கினார். அந்த வகுப்பை எண்ணினால் எனக்கு இன்றும் புன்னகை வரும்.

பண்ணையில் வேலையாட்கள் இல்லை. தேவையானவற்றைத் தாமே செய்துகொள்ள வேண்டும். கலன்பாக் மரியன்ஹில் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுத் திரும்பினார். அவரிடம் அடிகளார் கற்றார். அடிகளாரிடம் இளைஞர் சிலர் கற்றனர். செய்த செருப்புகளை நண்பர்களுக்கு விற்கவும் செய்தனர். அவர் எழுதிய தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில், மாணாக்கர் பலர் இக்கலையில் தம்மை எளிதாக விஞ்சிவிட்டனர் என்று மகிழ்ச்சியோடு குறித்திருக்கிறார்.

செருப்பு எளிய பொருள்போலத் தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் கடுமை புலப்படும். ஒரு விலங்கின் தோல் எங்கும் ஒரே தன்மையதன்று. முதுகுப்புறத் தோல் தடித்து இறுகியிருக்கும். வயிற்றுப்புறத் தோல் நெகிழ்ந்து இழுபடும். அடித்தோலுக்கு முதுகே ஏற்றது. வாரை முதுகெலும்பின் போக்கில் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் சில நாட்களில் நீண்டு காலைவிட்டுக் கழலும். அடித்தோலை நீரில் ஊறவைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குவது உண்டு. மடிக்கும் இடங்களிலும் ஒட்டும் இடங்களிலும் சதைப்புறத்தைக் கத்தியால் மெல்லச் சீவ வேண்டும். சீவல் சற்று ஆழ்ந்தால் அந்த வார் அத்துடன் போயிற்று. தையலோ, ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியிட்ட துளை ஒவ்வொன்றிலும் இருபுறமிருந்தும் நுழைத்து இழுப்பது. இப்படித் தைத்ததில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பிடிவிடா. நூலுக்குத் தேன்மெழுகு ஏற்றாவிட்டால் ஈரம் உட்புகுந்து அது இற்றுவிடும். எங்கள் தலவாக்கலை போன்ற மழைநாட்டில் இதை எவரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. இங்கே தோலை ஒரு மாதம் கவனியாது விட்டால் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும்.

அடிகளார் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கு ஒரு சிறு சான்று என் மனத்தில் ஆழப் பதிந்துள்ளது. 1911இல் உறவினர் ஒருவருக்கு எழுதிய மடலில், தற்போது செருப்புத் தைப்பதே தம் பெரும்பாலான வேலையென்றும், பதினைந்து சோடிகள்வரை முடித்துவிட்டதாகவும் கூறுகிறார். புதிய சோடி வேண்டுமாயின் பாத அளவை அனுப்பும்படியும், அதில் பெருவிரலுக்கும் சிறுவிரலுக்கும் வெளிப்புறத்தே வார் பொருந்த வேண்டிய இடங்களைக் குறித்து அனுப்பும்படியும் கேட்கிறார். பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பச் சொல்வது யாருக்கும் தோன்றும். வார் அமையும் இடத்தைக் கேட்பதோ, ஒரு சோடியையேனும் பாழாக்கிக் கற்ற கையின் கேள்வி. அம்மடலைப் படித்தபோது சட்டம் பயின்றவரை மறந்தேன். ஒரு தொழிலாளியைக் கண்டேன். பண்ணையிலே மற்றொரு விதியும் இருந்தது. தம் சொந்த அலுவலாக நகரம் செல்வோர் நடந்தே போய்வர வேண்டும். அதிகாலை இரண்டரை மணிக்குப் புறப்பட்டு ஆறேழு மணிநேரத்தில் ஜோகன்னஸ்பேர்க்கை அடைவார்கள். மிக விரைந்து நடந்த ஒருமுறை 4 மணி 18 நிமிடத்தில் முடித்தார்களாம்.

இந்த வேலையை நம் சமூகம் எவ்வாறு நோக்கிற்று என்பதை ஈண்டு சொல்லாமல் மேற்செல்ல இயலாது. புறநானூற்றில் சாத்தந்தையார் பாடிய ஒரு பாட்டுண்டு. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது, இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவனின் கை ஊசி எத்துணை விரைவாய் ஓடுமோ, அத்துணை விரைவாய் நிகழ்ந்தது போர் என்பார் புலவர். அவ்வூசியின் வேகத்தை அவர் நெருங்கி நின்று பார்த்திருக்கிறார். ஆனால் ஊசி பிடித்தவனைக் குறிக்க அவர் ஆளும் சொல் இழிவுபொருந்திய சொல். கைத்திறன் உவமையாயிற்று, கைக்குரியவன் ஊருக்குப் புறத்தே நின்றான். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் இதே நிலை. இந்தப் பின்னணியில்தான் திவானின் மகன் தோலைத் தொட்டார்.

1913 நவம்பர் 6ஆம் நாள் ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரும் குடும்பத்தாரும் நேட்டால் எல்லையைக் கடந்து நடந்தனர். மூன்று பவுண் தலைவரியை எதிர்த்த நடை அது. அவர்கள் சென்றடைய எண்ணிய இடம் டால்ஸ்டாய் பண்ணையே. அந்தக் கூட்டத்தில் தமிழர் தொகையே மிகுதி. நம் முன்னோரை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த அதே வறுமை, அதே கடல்வழி ஆட்சேர்ப்பு, அவர்களையும் கரும்புக்கும் நிலக்கரிக்கும் கொண்டுசென்றிருந்தது. அடிகளார் வழியிலே கைதாகிச் சிறைப்பட்டார். சிறையில் அவர் தைத்த ஒரு சோடிச் செருப்பு, தம்மைச் சிறையிட்ட அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு உரியதாயிற்று. 1914 ஜூலையில் அவர் தென்னாபிரிக்காவைவிட்டு நீங்குமுன் அது அன்பளிப்பாகச் சேர்ந்தது. 1939இல் அடிகளாரின் எழுபதாம் ஆண்டு நிறைவுக்காக இராதாகிருஷ்ணன் தொகுத்த மலரில் ஸ்மட்ஸ் இதனை நினைவுகூர்ந்தார். பல கோடைகள் அதை அணிந்து நடந்ததையும், அத்தகையவரின் செருப்பில் கால்வைக்கத் தாம் தகுதியுடையவரல்லர் என்ற உணர்வையும் எழுதினார். எதிரியின் காலுக்குச் செருப்புத் தைத்ததைப் பெருந்தன்மை என்று போற்றுவோர் பலர். எனக்கு அதில் சிறிது குறும்பும் தெரிகிறது.

இந்தியா திரும்பியபின் இராட்டை முன்னுக்கு வந்தது; தோல் முற்றாக மறக்கப்படவில்லை. சபர்மதி ஆசிரமத்தில் பால்பண்ணையை ஒட்டித் தோல் பதனிடும் நிலையமும் இருந்தது. இயற்கையாக இறந்த மாட்டின் தோலையே பயன்படுத்த வேண்டுமென்பது அவர் கொள்கை. இறந்த மாட்டின் தோல் நன்கு பதப்பட்டு விலைபெற்றால் கொல்லப்பட்ட மாட்டின் தோலுக்குத் தேவை குறையும் என அவர் கணக்கிட்டார். 1934இல் 'ஹரிசன்' இதழில் கிராமத் தோல் தொழிலைப் பற்றி விரிவாக எழுதினார். ஆண்டுக்கு ஒன்பது கோடி ரூபா பெறுமதியான பச்சைத்தோல் நாட்டைவிட்டு வெளியேறி, அதில் பெரும்பகுதி செய்பொருளாகத் திரும்பி வருகிறது என்று அன்றைய மதிப்பீட்டை எடுத்துக்காட்டினார். தக்க கருவியின்றி இறந்த விலங்கைத் தரையிலே இழுத்துச் செல்வதால் தோல் கீறுண்டு மதிப்பிழக்கிறது என்றும் கவனித்து எழுதினார். அவ்வாண்டு திசம்பரில் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர் தஞ்சையிற் பிறந்த ஜே. சி. குமரப்பா.

இங்கேதான் அடிகளாரோடு எனக்கு ஒரு பிணக்கு. 1927 மார்ச்சில் மகாட் நகரில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாட்டில் அம்பேத்கர், இறந்த விலங்கைச் சுமக்கும் வேலையையும் அதன் இறைச்சியை உண்பதையும் கைவிடுமாறு தம் மக்களை வேண்டினார். அடிகளாரோ அக்காலத்தில் வருணமுறையை ஏற்று, தந்தையின் தொழிலையே மைந்தன் செய்வது நன்று, ஆனால் அத்தொழில் தூய்மைபெற வேண்டும் என்றார். பாரிஸ்டர் விரும்பி எடுத்த குத்தூசியை விரும்பியபோது கீழே வைக்கலாம். பிறப்போடு கையில் திணிக்கப்பட்டவனால் வைக்க முடியாது. தோல்வேலையில் இன்பம் காணும் நான் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த இன்பம், என்னை எவரும் அதன்பொருட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தாததால் கிடைப்பது. தோட்டங்களிலே பிரட்டுக்கு அழைத்த தப்பொலியும், திருவிழாவிலும் இழவிலும் ஒலிக்கும் தப்பொலியும் தோலின் ஒலியே. தப்படித்தவர்க்கு லயத்தில் கிடைத்த இடம் எதுவென்பதை மூத்தோர் அறிவர்.

அதே 1927 நவம்பரில் அடிகளார் இலங்கை வந்தார். கதர் நிதி திரட்டுவது பயணத்தின் நோக்கம். கண்டி, பதுளை, நுவரெலியா, ஹற்றன் என மலைநாட்டிலும் பேசினார். நுவரெலியாவிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வீதி எங்கள் தலவாக்கலையை ஊடறுத்துப் போகிறது. அட்டைக்கடியும் குளிரும் தாங்கி வெறுங்காலோடு மலையேறி இறங்கிய மக்களிடையே அவர் நின்றார். நேட்டாலில் தாம் கண்ட முகங்களே இவை என்பதை அவர் உணராதிருந்திருக்க முடியாது. தோட்டத் தொழிலாளரிடம் அவர் முதன்மையாகக் கேட்டது மதுவை ஒழிக்க வேண்டும் என்பதே.

1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் மறைந்தபோது எஞ்சிய உடைமைகள் சொற்பம். 2009 மார்ச்சில் நியூயோர்க் நகரில், அவருடையனவாகக் காட்டப்பட்ட மூக்குக்கண்ணாடி, சட்டைப்பைக் கடிகாரம், உண்கலம், தட்டு ஆகியவற்றோடு ஒரு சோடிச் செருப்பும் ஏலத்துக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து 18 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயின. ஏலத்தில் எடுத்தவர் விஜய் மல்லையா. மதுபான வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர்.