சோப்புப் படலத்தால் கண்ணாடியை மறைய வைத்தவர்: யார் இந்த கேத்தரின் பிளாட்ஜெட்?

கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் எடுத்து முடித்ததும், ஆன்டி கிளேர் கோட்டிங் வேணுமா என்று கேட்பார்கள். அந்த கோட்டிங்கின் வரலாற்றில் விட்டுவிட முடியாத பெயர் கேத்தரின் பிளாட்ஜெட்.

1898-ல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் பிறந்தவர். அப்பா ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் காப்புரிமை வழக்கறிஞர். மகள் பிறக்கச் சில வாரங்களே இருந்தபோது, வீட்டுக்குள் புகுந்த திருடன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான், 20 வயதில், முதல் பெண் விஞ்ஞானியாகச் சேர்ந்தார் கேத்தரின். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணும் இவர்தான். ஆண்டு 1926.

சரி, அப்படி என்ன செய்தார்?

சில கொழுப்புப் பொருள்கள் தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் பரவி நிற்கும். அவரை வழிநடத்திய இர்விங் லாங்மியூர் இதை ஆராய்ந்து வந்தார். கேத்தரின் அந்தத் தண்ணீரில் கண்ணாடித் துண்டை முக்கி எடுத்தார். படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. திரும்ப முக்கினால் இன்னொரு அடுக்கு. 1938-ல் இப்படி 44 அடுக்குகள் ஏற்றினார். மொத்தக் கனம், ஒளியின் அலைநீளத்தில் கால்வாசி. படலத்தின் மேலேயும் அடியிலேயும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துவிட, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை!

ஆனா ஒரு சிக்கல். படலம் சோப்பு வகை. கண்ணாடியோடு வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது, சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தது. துடைச்சா போயிடும். அதனால், வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்புகளைப் படிய வைக்கும் முறைதான் லென்ஸ் தொழிலில் ஜெயித்தது.

இதை அவருடைய தோல்வி என்று சொல்லிவிட முடியாது. படலத்தைப் பரப்பிலேயே நிலைக்க வைப்பது எப்படி என்பதுதான் இன்றைக்கும் கோட்டிங் ஆய்வின் பெரிய கேள்வி. அதற்கான விடைகளில் ஒன்று, பாலிமர் சங்கிலியின் ஒரு நுனியைப் பரப்போடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது. பிரஷ்ஷில் முடி நட்ட மாதிரி நிற்கும், துடைத்தாலும் எளிதில் வராது. ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு வகை பாலிமரை இப்படி நட்டால், சுமார் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தண்ணீரை உறிஞ்சி நீளும், மேலே போனால் சுருங்கும். அந்தத் தட்டில் 37 டிகிரியில் செல்களை வளர்த்து, பிறகு குளிர வைத்தால் போதும். சுரண்டாமலே முழுத் தாளாகக் கழன்று வரும். ஜப்பானில் உருவான இந்த நுட்பம் திசு சிகிச்சை வரை வந்துவிட்டது.

1963-ல் ஓய்வு பெற்ற கேத்தரின், பிறந்த ஊரிலேயே 1979-ல் காலமானார். தண்ணீரில் முக்கி அடுக்கும் அந்தப் படலங்களுக்கு இன்றும் லாங்மியூர்-பிளாட்ஜெட் படலம் என்றுதான் பெயர்.