ரிங் லார்ட்னர்: பேஸ்பால் கதையும் பேச்சுமொழியும்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தை இலக்கியப் பொருளாக உயர்த்தியோருள் முன்னோடி ரிங் லார்ட்னர். 1885 மார்ச் 6 அன்று மிச்சிகன் மாநிலத்து நைல்ஸ் நகரில், வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் குறையுற்றிருந்தமையால் இளமையில் காலுக்குத் தாங்கி அணிந்தே நடந்தார்.

1905இல் சவுத் பெண்ட் நகர நாளிதழொன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். பின்னர்ச் சிகாகோ நாளிதழ்களுக்காக ஆட்டக்குழுக்களுடன் ரயிலில் ஊர் ஊராகச் சென்றார். இப்பயணங்களே அவரது இலக்கியப் பயிற்சிக்களம் எனலாம். ஆட்டக்காரர்களின் பேச்சை, அதன் இலக்கணப் பிறழ்வுகளோடும் தற்பெருமையோடும் அவர் செவியில் பதித்துக்கொண்டார்.

அதன் விளைவு 1914இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வெளிவரத் தொடங்கி, 1916இல் 'யூ நோ மீ அல்' என நூலானது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் குழுவின் பந்துவீச்சாளனான ஜாக் கீஃப், இந்தியானாவிலுள்ள தன் நண்பன் அல் என்பவனுக்கு எழுதும் மடல்களே இந்நூல். டை காப் முதலிய உண்மை ஆட்டக்காரர்களும் இதில் உலவுகின்றனர். தோற்கும்போதெல்லாம் பிறரைப் பழிக்கும் கீஃப், தன் பேதைமையைத் தானே அறியாமல் எழுதிச் செல்கிறான். ஆசிரியர் ஓரிடத்தும் குறுக்கிடுவதில்லை. பிழைமலிந்த அந்நடையை வெறும் நகைச்சுவை உத்தியாகக் கொள்வது பொருந்தாது. பாத்திரத்தின் மனம் இயங்கும் முறையே அப்பிழைகளில் பதிவாகியுள்ளது. பேஸ்பாலுக்கு அயலான இங்கிலாந்தின் வர்ஜீனியா உல்ஃப் 1925இல் இந்நூலைப் போற்றியது, ஆட்ட விதி அறியாதாரையும் இம்மொழி ஈர்த்தமைக்குச் சான்று.

1919ஆம் ஆண்டின் உலகத் தொடரில் ஒயிட் சாக்ஸ் குழு சின்சினாட்டியிடம் தோற்றது. பணம் பெற்றுத் தோற்றதாக எட்டு ஆட்டக்காரர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1921இல் நடுவர் மன்றம் விடுவித்தும், அவர்கள் ஆட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டனர். அக்குழுவோடு பயணித்துப் பழகிய லார்ட்னருக்கு ஆட்டத்தின் மீதிருந்த பற்று தளர்ந்தது.

நியூயார்க்கை அடுத்த கிரேட் நெக்கில் குடியேறிய பின் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு அவருக்கு நண்பரானார். அவரது முயற்சியாலும் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்க்கின்ஸ் ஆர்வத்தாலும் 1924இல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. தம் கதைகளின் படிகளைக்கூட லார்ட்னர் பேணி வைக்கவில்லை. பழைய இதழ்களிலிருந்தே அவற்றைத் திரட்ட வேண்டியிருந்தது. தம் எழுத்தை அவர் அத்துணை எளிதாகவே கருதினார் போலும்.

ஆட்டக்காரரிடையே கழிந்த ஆண்டுகள் லார்ட்னரின் பார்வையைக் குறுக்கிவிட்டன என்பது, அவர் மறைவுக்குப்பின் ஃபிட்ஸ்ஜெரால்டு முன்வைத்த கருத்து. நட்பின் ஆற்றாமையில் எழுந்த அக்கருத்து பின்வந்த மதிப்பீடுகளிலும் தொடர்கிறது. ஆயினும் 1925இல் வெளிவந்த 'ஹேர்கட்' கதை அதை மறுக்கிறது. அதில் பேஸ்பால் இல்லை. ஊர் நாவிதர் ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே செல்கிறார். தாம் சிரித்துச் சொல்லும் வேடிக்கைகளின் கொடுமையை அவர் உணரவில்லை, வாசகர் உணர்கிறார். கீஃப் மடல்களில் கைவந்த உத்தியே இங்குக் கூர்மை பெற்றுள்ளது. குறுகிய களமெனப்பட்டது, உண்மையில் அவருக்குச் செவிப்பயிற்சி தந்த களம்.

காசநோயும் மதுப்பழக்கமும் இறுதி ஆண்டுகளில் அவரை வாட்டின. அந்நிலையிலும் ஓர் ஆட்டக்காரனின் காதல் மடல்களாக அமைந்த 'லூஸ் வித் எ ஸ்மைல்' நூலை எழுதினார். அது 1933இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று, 48ஆம் வயதில், ஈஸ்ட் ஹாம்ப்டனில் காலமானார்.