வால்போல் பிரபுவும் கருங்காலி நாற்காலிகளும்

இங்கிலாந்தின் முதற் பிரதம மந்திரி எனப் போற்றப்படும் ஸர் ராபர்ட் வால்போலுக்கு இளைய குமாரராக 1717-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் தோன்றியவர் ஹொரேஸ் வால்போல். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, பிரான்ஸ், இத்தாலி நாடுகளைச் சுற்றி மீண்டு, 1741 முதல் 1768 வரை பார்லிமெண்டில் அங்கம் வகித்தார். எனினும் அவருள்ளம் அரசியலிலன்று, பழம்பொருள்களிலேயே தோய்ந்து கிடந்தது.

1747-இல் தேம்ஸ் நதிக்கரையில் ட்விக்கன்ஹாம் என்னுமூரில் ஒரு சிறு மனையைக் குடிக்கூலிக்குப் பெற்றார். பின்னர் அதனை விலைக்கே கொண்டு, ஸ்ட்ராபெரி ஹில் என்னும் பெயரால் வழங்கச் செய்தார். பண்டைக் கிறிஸ்தவ ஆலயங்களின் பாங்கிலே கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிப் பலகணிகளும் பொலிய அதனை ஆண்டுக்கணக்காக விரித்துக் கட்டினார். அத்தகைய மனைக்கு இயைந்த பழந்தட்டுமுட்டுக்கள் வேண்டுமன்றோ? அவற்றைப் பெரியோர் மாளிகைப் பொருள்கள் விலைப்படும் ஏலங்களிலே நாடலானார்.

1763-இல் ஹண்டிங்டன்ஷையரிலுள்ள ஸ்டாட்டன் மாளிகையின் பொருள்கள் ஏலத்திற்கு வந்தபோது, கருங்காலியாற் செய்த நாற்காலிகளையும் மேஜைகளையும் வாங்கினார். முறுக்கிக் கடைந்த கால்களும் நெருங்கிய செதுக்குவேலையும் உடைய அவை எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தன என்பது அவர் துணிபு. அம்மன்னனின் அமைச்சராயிருந்து 1530-இல் இறந்த கார்டினல் உல்ஸி ஒருகால் தங்கிய ஈஷர் மாளிகையில் அவைபோன்ற நாற்காலிகளைக் கண்டிருந்தமையே அத்துணிபுக்குக் காரணம். பொருள் கிடந்த இடத்தைக்கொண்டு அதன் காலத்தை அளந்தாரேயன்றி, மரம் விளைந்த நாட்டை வினவினாரல்லர். அவர் சொல்லுக்கிருந்த மதிப்பால், பின்வந்த செல்வரும் அவ்வகை நாற்காலிகளைப் பழைய ஆங்கிலப் பொருள்களென்றே தேடி வாங்கினர்.

உண்மை வேறு. அவை 17-ஆம் நூற்றாண்டிலே, தமிழ்நாடும் தெலுங்குநாடும் கடல்தொடும் நமது சோழமண்டலக் கரையில், ஐரோப்பியர்க்கென நம் நாட்டுத் தச்சர் இழைத்துக் கப்பலேறியவை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் நிறுவினர். உளி பிடித்தவர் பெயர் ஒன்றேனும் நமக்கு எட்டவில்லை. நாற்காலியில் அமராத கார்டினலின் பெயர் மட்டும் நெடுங்காலம் அதனோடு ஒட்டி வாழ்ந்தது! இலங்கையின் பழம்பெயராகிய செரெந்தீப் என்பதிலிருந்து, தேடாமற் கிட்டும் பேற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றை 1754-இல் ஆக்கியவரும் இவ்வால்போலே. அவ்விலங்கைக்கு எதிர்க்கரைப் பொருள் தம் கூடத்திலே கிடந்ததை அவர் அறிந்திலர்.

1779-இல் அவர் தமையனார் புதல்வர், ஸர் ராபர்ட் ஹௌட்டன் மாளிகையில் ஈட்டிவைத்த 200-க்கு மேற்பட்ட ஓவியங்களை ருஷிய நாட்டு இராணி காதரீனுக்கு விற்றார். தந்தையின் செல்வம் கடல்கடந்தமை கண்டு ஹொரேஸ் பெரிதும் நொந்தார். தம் மனைக்கும் அக்கதி நேராதிருக்க, அதனைப் பேணுதற்கு ஆண்டுக்கு 2,000 பவுன் ஒதுக்கி உயிலெழுதி, 1797-இல் காலமானார்.

உயிலின் வன்மை இரு தலைமுறைக்கு மேல் நில்லவில்லை. 1842-இல் அம்மனைக்குரியவரான வால்டிகிரேவ் பிரபு உள்ளிருந்தவற்றை விற்க முற்பட்டார். ஜார்ஜ் ராபின்ஸ் என்னும் பேர்பெற்ற ஏலக்காரர் 24 நாள் ஏலங்கூற, சுமார் 33,000 பவுன் சேர்ந்தது. ஐம்பது ஆண்டாகச் சேர்த்த பொருள்கள் திக்குக்கொன்றாய்ச் சிதறின. அவற்றிற் சிலவற்றை உடையவர்களிடம் இரவலாகப் பெற்று, 2018 அக்டோபர் முதல் 2019 பெப்ருவரி வரை அம்மாளிகையிலேயே மீண்டும் காட்சிக்கு வைத்தனர். காட்சி முடிந்ததும் அவை உடையவர்களிடமே திரும்பின.